பழுது பார்க்கும் கருவி எந்த டைரக்டரியில் இருக்க வேண்டும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்ததும் ஒரு கேள்வி கேட்பார்கள். "இத்தனை போல்டர்கள் எதற்கு? எல்லா புரோகிராம்களையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன?" நியாயமான கேள்விதான். நானும் அப்படி நினைத்தவன்தான். 2013ஆம் ஆண்டு ஒரு நாள் இரவில் எட்டு மாதக் கணக்கு காணாமல் போக இருந்தபோதுதான் இதற்கான விடை எனக்குப் புரிந்தது. அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு சிறு விளக்கம். இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். உதாரணமாக, எப்எஸ்சிகே என்று எழுதியிருந்தால் எப், எஸ், சி, கே என்ற நான்கு எழுத்துகளையும் இடைவெளியின்றி டைப் செய்யுங்கள். பைல் சிஸ்டம் செக் என்பதன் சுருக்கம் அது.

மேச்சேரியில் நடந்தது

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகளுக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. வைரஸ் தொல்லை குறைவு என்பதால் அவள் பெரும்பாலும் லினக்ஸிலேயே வேலை செய்வாள். கல்லூரிப் பிராஜக்ட் ரிப்போர்ட், அவள் அப்பாவின் தறிக்கூலிக் கணக்கு எல்லாம் அதில்தான். இரண்டுக்கும் வேறு காப்பி கிடையாது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பேட்டரி கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் கரண்டில் ஓட்டுவாள். அந்த ஆண்டுகளில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும்.

ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, எதைச் செய்தாலும் சேவ் ஆக மாட்டேங்குது. ரீட் ஒன்லின்னு வருது. அப்பாவோட கணக்கு போல்டரையும் காணோம்" என்றாள்.

டிஸ்க்கில் உள்ள பைல் சிஸ்டத்தில் குழப்பம் தெரிந்தால், லினக்ஸ் அந்தப் பகுதியில் மேற்கொண்டு எதையும் எழுதவிடாமல் பூட்டிவிடும். டெபியன் வழி லினக்ஸ்களில் வழக்கமாக அப்படித்தான் அமைத்திருப்பார்கள். காயத்தை மேலும் கீறாமல் இருக்க இது ஒரு பாதுகாப்பு. பழுது பார்க்கும் கருவியின் பெயர் எப்எஸ்சிகே என்று படித்திருந்தேன். டெர்மினலைத் திறந்து அதை டைப் செய்து எண்டர் தட்டினேன்.

"கமாண்ட் நாட் பவுண்ட்" என்று பதில் வந்தது. அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்.

புரோகிராம்கள் இருக்கும் /யுஎஸ்ஆர்/பின் டைரக்டரியில் தேடினேன். அங்கும் இல்லை. இந்த லினக்ஸில் அந்தக் கருவியைப் போடாமல் விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். "கணக்கு போனது போனதுதான். பார்மட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம்" என்று அவளிடம் சொல்லியும் விட்டேன். கடைசியாக ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்ப்போம் என்று செய்தேன்.

கறுப்புத் திரையில் பாதியில் நின்றது. டிஸ்க் பகுதியின் பெயரைச் சொல்லி, "அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டென்சி, ரன் எப்எஸ்சிகே மேனுவலி" என்றது. எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, நீங்களே எப்எஸ்சிகே கட்டளையை இயக்குங்கள் என்று பொருள். பழுது பார்ப்பதற்கு ரூட் பாஸ்வேர்டையும் கேட்டது.

சற்று முன் "அப்படி ஒன்று இல்லை" என்று சொன்ன அதே கம்ப்யூட்டர், இப்போது அதையே இயக்கச் சொல்கிறது! கருவி உள்ளே இருக்கிறது, நான்தான் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பாதாளக் கரண்டியை எங்கே வைப்பது?

எங்கள் வீட்டில் ஒரு பாதாளக் கரண்டி உண்டு. கிணற்றில் விழுந்த வாளியை, குடத்தை எடுக்கும் கொக்கிக் கொத்து. தெருவில் யார் வீட்டு வாளி விழுந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒரு சொம்பை அடையாளமாக வைத்துவிட்டுக் கரண்டியை வாங்கிப் போவார்கள். அம்மா அதைக் கிணற்றங்கரையிலும் வைக்க மாட்டார், உள்ளறையில் பூட்டியும் வைக்க மாட்டார். திண்ணைக்கு மேலே கூரைக் கழியில் தொங்கும். ராத்திரியில் வந்து கேட்டாலும் கை நீட்டி எடுத்துவிடலாம்.

"அதையும் வாளியோட சேர்த்துக் கட்டி வெச்சா, அதுவுந்தானடா கிணத்துக்குள்ள போகும்" என்பார்.

பைல் சிஸ்டத்தைப் பழுது பார்க்கும் கருவிகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இதுதான் விடை. ஒரு கருவியின் இடத்தை முடிவு செய்ய வேண்டுமானால், அது எந்த நேரத்தில் தேவைப்படும் என்று கேட்க வேண்டும். மற்றதெல்லாம் நின்றுபோன நேரத்தில் தேவைப்படும் கருவி, மற்றதெல்லாம் இருக்கும் இடத்தைச் சார்ந்து இருக்கக் கூடாது.

/எஸ்பின் வந்த கதை

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் உருவாக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அவர்களிடம் இருந்த டிஸ்க்குகளின் கொள்ளளவு ஓரிரு மெகாபைட்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரிது. முதல் டிஸ்க்கில் இடம் போதாமல் புரோகிராம்களில் ஒரு பகுதியை இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றினார்கள். அதில் பயனர்களின் பைல்கள் இருந்தன. அதனால் அதன் பெயர் /யுஎஸ்ஆர்.

இங்கே ஒரு சிக்கல். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதல் டிஸ்க் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது டிஸ்க்கை மவுண்ட் என்ற கட்டளையால் இணைத்த பிறகுதான் /யுஎஸ்ஆர் தெரியும். அந்த மவுண்ட் கட்டளையையே /யுஎஸ்ஆர் டைரக்டரியில் வைத்தால்? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். எனவே, தொடங்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தேவையானவை முதல் டிஸ்க்கிலேயே இருந்தாக வேண்டும் என்றானது.

எப்எஸ்சிகே கட்டளையை டெட் கோவால்ஸ்கி என்பவர் 1970களின் பிற்பகுதியில் எழுதினார். பழைய யூனிக்ஸ்கள் பலவற்றில் இதை /இடிசி டைரக்டரியில் வைத்தார்கள். பின்னால் நிர்வாகக் கருவிகளுக்கு என்றே /எஸ்பின் வந்தது. இதில் எஸ் என்பது சிஸ்டம் என்பதைக் குறிக்கும்.

லினக்ஸில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி அடுக்கியதால் குழப்பம் வந்தது. அதைத் தீர்க்க 1994 பிப்ரவரி 14 அன்று ஒரு பொது விதி வெளியானது. பிறகு அதற்குப் பைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்ட் என்று பெயர் மாறியது. 2015 ஜூன் 3 அன்று அதன் 3.0 பதிப்பு வந்தது. சிஸ்டத்தைத் தொடங்கவும், பேக்கப்பிலிருந்து திரும்பப் பெறவும், மீட்கவும், பழுது பார்க்கவும் போதுமானவை ரூட் பைல் சிஸ்டத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான விதி.

அதன்படி நான்கு இடங்கள்:

/பின்: எல்லோருக்கும், எப்போதும் தேவைப்படுபவை. காப்பி செய்யும் சிபி, டிஸ்க்கில் காலி இடத்தைக் காட்டும் டிஎப், மவுண்ட் போன்றவை.

/எஸ்பின்: நிர்வாகிக்கு, அவசர நேரத்திலும் தேவைப்படுபவை. எப்எஸ்சிகே இங்கேதான்.

/யுஎஸ்ஆர்/பின்: சிஸ்டம் முழுதாக எழுந்த பிறகு எல்லோருக்கும் தேவைப்படுபவை. பிரவுசர், ஆபீஸ் போன்றவை.

/யுஎஸ்ஆர்/எஸ்பின்: நிர்வாகிக்குத் தேவை, ஆனால் அவசரமில்லை என்ற வகை.

கடைசி வகைக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. எக்ஸ்ட்4 பைல் சிஸ்டத்துக்கான கருவிகள் ஒரே தொகுப்பாகவே வருகின்றன. ஆனால் டெபியனில் பழுது பார்க்கும் இ2எப்எஸ்சிகே /எஸ்பின் டைரக்டரியில் இருந்தது. பைல்களைச் சீராக அடுக்கும் இ4டிப்ராக் /யுஎஸ்ஆர்/எஸ்பின் டைரக்டரியில் இருந்தது. இரண்டும் பைல் சிஸ்டப் பராமரிப்புதான். ஆனால் சீராக அடுக்கும் வேலை நாளைக்குக் காத்திருக்கும். உடைந்ததைச் சரி செய்யும் வேலை காத்திருக்காது.

"கமாண்ட் நாட் பவுண்ட்" ஏன் வந்தது?

நீங்கள் ஒரு கட்டளையை டைப் செய்தால் கம்ப்யூட்டர் டிஸ்க் முழுவதும் தேடுவதில்லை. பாத் என்ற பட்டியலில் உள்ள டைரக்டரிகளில் மட்டுமே தேடும். டெபியனில் சாதாரணப் பயனரின் பாத் பட்டியலில் /எஸ்பின் இருக்காது. ரூட் பயனரின் பட்டியலில் இருக்கும். நான் சாதாரணப் பயனராக நுழைந்திருந்ததால் கருவி இருந்தும் எனக்கு அகப்படவில்லை.

இன்றும் டெபியனில் அப்படித்தான். எனவே அந்தச் செய்தி வந்தால் கருவியே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். வேர்இஸ் என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, எப்எஸ்சிகே என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். அது இருக்கும் இடத்தைக் காட்டும். இதனால் எந்தப் பைலுக்கும் பாதிப்பு வராது. தைரியமாகச் செய்து பார்க்கலாம்.

அன்று இரவு செய்தது

நல்லவேளை, ரூட் பாஸ்வேர்டை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அதைக் கொடுத்ததும் ரூட் பயனராக உள்ளே விட்டது. அந்த நிலையில் படம் இல்லை, மவுஸ் இல்லை. டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருந்தது.

உடனே பழுது பார்க்கவில்லை. முதலில் ஒரு பென் டிரைவைச் செருகி, அதை மவுண்ட் கட்டளையால் இணைத்து, கண்ணுக்குத் தெரிந்த பைல்களை எல்லாம் சிபி கட்டளையால் அதில் காப்பி எடுத்தேன். இரண்டும் /பின் டைரக்டரியில் இருப்பவை. மற்ற எல்லாம் நின்றுபோன நேரத்தில் இவை இரண்டும் ஏன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன என்று அப்போது புரிந்தது. பிராஜக்ட் ரிப்போர்ட் பிழைத்தது. கணக்கு போல்டர் மட்டும் எங்கும் இல்லை.

பிறகு எப்எஸ்சிகே என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, திரையில் காட்டிய டிஸ்க் பகுதியின் பெயரைக் கொடுத்தேன். அது ஒவ்வொரு குழப்பத்தையும் காட்டிச் சரி செய்யலாமா என்று கேட்டது. ஒய் கீயைத் தட்டிக்கொண்டே வந்தேன். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது. செய்தேன். வழக்கம்போல் டெஸ்க்டாப் வந்தது. ஆனால் கணக்கு போல்டர் இருந்த இடத்தில் இல்லை.

இங்கே இன்னொரு டைரக்டரியின் பயனைச் சொல்ல வேண்டும். எக்ஸ்ட் வகைப் பைல் சிஸ்டத்தின் மேல் தளத்தில் லாஸ்ட்+பவுண்ட் என்று ஒன்று இருக்கும். புதியவர்கள் பலர் இதைக் குப்பை என்று நினைக்கிறார்கள். டிஸ்க்கில் தரவு இருக்கிறது, ஆனால் அது எந்த போல்டரைச் சேர்ந்தது என்ற முகவரி அழிந்துவிட்டது என்றால், எப்எஸ்சிகே அதை இங்கே கொண்டு வந்து போடும். பெயர் தொலைந்ததால் ஒரு எண்ணைப் பெயராக வைக்கும். தொலைந்தது ஒரு போல்டர் என்றால் அதன் பெயர்தான் எண்ணாகும். உள்ளே இருக்கும் பைல்களின் பெயர்கள் அப்படியே இருக்கும்.

ரூட் பயனராக அதைத் திறந்தேன். ஒரு எண் போல்டருக்குள் எட்டு மாதக் கணக்கும் மாத வாரியாக இருந்தது. கடைசி மாதத்தின் பைல் மட்டும் திறக்கவில்லை. அந்த ஒரு மாதத்தை அவள் அப்பா சீட்டுகளைப் பார்த்து மறுபடி எழுதினார். எப்எஸ்சிகே டிஸ்க்கின் அமைப்பைத்தான் சரி செய்யும். பைலுக்குள் பாதியில் நின்றுபோன எழுத்தை அதனால் வரவழைக்க முடியாது.

நான் சொன்னபடி பார்மட் செய்திருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

இன்று டிஸ்க்குகள் பெரிதாகிவிட்டன. /யுஎஸ்ஆர் தனி டிஸ்க்கில் இருக்க வேண்டிய தேவை போய்விட்டது. 2012 மே மாதம் வந்த பெடோரா 17 பதிப்பு, /பின், /எஸ்பின் ஆகியவற்றை /யுஎஸ்ஆர் டைரக்டரிக்குள் சேர்த்தது. பழைய பெயர்கள் வழிகாட்டும் இணைப்புகளாக மட்டும் நிற்கின்றன. டெபியனில் 2019இல் வந்த 10ஆம் பதிப்பில் புதிதாக நிறுவுபவர்களுக்கு இதே முறை வந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து எல்லோருக்கும் இதுதான். 2025இல் வந்த பெடோரா 42, பின், எஸ்பின் என்ற வேறுபாட்டையும் நீக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

அப்படியானால் பாதாளக் கரண்டியைக் கிணற்றுக்குள் வைத்துவிட்டார்களா? இல்லை. அதை இடம் மாற்றியிருக்கிறார்கள். இன்று லினக்ஸ் தொடங்கும்போது, இனிட்ராம்எப்எஸ் என்ற சிறு தொகுப்பு முதலில் மெமரியில் ஏறுகிறது. ரூட் டிஸ்க்கை முழுதாகத் திறக்கும் முன்பே அதைச் சோதிக்கும் கருவி இந்தத் தொகுப்பில் இருக்கிறது. 2015இல் வந்த டெபியன் 8 முதல் இந்தச் சோதனை இங்கேயே நடக்கிறது. டைரக்டரி மாறியது, விதி மாறவில்லை.

விண்டோஸில் எங்கே?

விண்டோஸ் 98 காலத்தில் கம்ப்யூட்டரைச் சரியாக மூடாமல் விட்டால், அடுத்த முறை நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓடியது சிலருக்கு நினைவிருக்கலாம். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஓட வேண்டும் என்பதால் அது டாஸ் நிலையில் ஓடியது.

இன்றைய விண்டோஸில் அந்த வேலையைச் செய்வது செக்டிஸ்க். சிஹெச்கேடிஎஸ்கே என்று டைப் செய்ய வேண்டும். சிஸ்டம்32 போல்டரில் இருக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவைச் சரி செய்யச் சொன்னால், "இப்போது முடியாது, அடுத்த முறை தொடங்கும்போது செய்யட்டுமா?" என்று கேட்கும். ஒய் என்று பதில் தந்தால், அடுத்த முறை ஆட்டோசெக் என்ற புரோகிராம் விண்டோஸின் மற்ற பகுதிகள் எழும் முன்பே ஓடும். விண்டோஸே எழவில்லை என்றால்? அதற்காக ரெகவரி என்விரான்மெண்ட் என்ற மீட்புச் சூழல் இருக்கிறது. பெரும்பாலும் இது டிஸ்க்கில் தனிப் பகுதியில் இருக்கும். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று தெரியாத பகுதிகளை அழிப்பவர்கள் இதையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இயங்கிக்கொண்டிருக்கும், எழுதத் திறந்திருக்கும் டிஸ்க் பகுதியில் எப்எஸ்சிகே கட்டளையை ஒருபோதும் இயக்காதீர்கள். நல்ல டிஸ்க்கும் கெட்டுவிடும்.

2. பழுது பார்க்கும் முன் முடிந்தவரை காப்பி எடுங்கள்.

3. ரூட் பாஸ்வேர்டை அல்லது அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். கம்ப்யூட்டருக்குள் எழுதி வைத்தால், தேவைப்படும் நேரத்தில் கம்ப்யூட்டர் திறக்காது.

4. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே லினக்ஸ் லைவ் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, ஒரு முறை அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கே எழவில்லை என்றாலும் பழுது பார்க்கும் கருவிகள் அதில் இருக்கும்.

5. லேப்டாப்பின் பேட்டரியைக் கழற்றி வைத்து ஓட்டாதீர்கள். டெஸ்க்டாப் என்றால் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள்.

6. முக்கியமான பைல்களுக்கு வேறு ஒரு இடத்தில் ஒரு காப்பியாவது இருக்கட்டும்.

என் அக்கா மகள் அன்றிலிருந்து மாதம் ஒரு முறை கணக்கைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறாள். அந்தப் பென் டிரைவை லேப்டாப் பையில் வைப்பதில்லை. எங்கள் வீட்டில், அம்மாவின் பாதாளக் கரண்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். சரியான டைரக்டரி!